ஒரு உழக்கு சந்தேகம்

அத்தியாயம் 4

பாலக்கரையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கதவில் 'மட்டுவார்குழலி, தனியார் துப்பறியும் அலுவலகம்' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். பெயர் நீளமாகப் போனதால் 'அலுவலகம்' மட்டும் கதவைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. கதவைத் திறந்து வைத்தால் அலுவலகம் தனியாக நிற்கும்.

அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியன் அருள்ராஜ். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். அதற்குப் பிறகு நாலு வருடம் பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட். காலை பதினொரு மணிக்கு முன்னால் அவனிடம் எதைச் சொன்னாலும் அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இதை அவன் மறைத்ததில்லை. வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டான். குழலியும், "பரவாயில்ல, நம்ம கிளையண்ட்டுங்க யாரும் பன்னெண்டு மணிக்கு முன்னாடி உண்மையைச் சொல்ல மாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே ஒருவர் வந்துவிட்டார். பெயர் செல்லக்கண்ணு. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்ப்பவர். சட்டையிலிருந்து வேகவைத்த நெல்லின் வாசனை வந்தது. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்லி முடித்தார்.

அவர் மகள் ஆனந்தவள்ளி பன்னிரண்டாவது முடித்தவள். மன்னார்புரத்தில் ஒரு கோச்சிங் சென்டர் நடத்திய தேர்வில் முதலாவதாக வந்தாள். முதலாவதாக வருகிறவருக்கு ஒரு வருடம் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். அது கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. மில்லில் மூட்டைக்குச் சீட்டு எழுதப் போகவேண்டியதுதான். நேற்று சாயங்காலம் சென்டர் ஓனர் போன் செய்து, உங்கள் மகள் விடைக்குறிப்பை முன்கூட்டியே பார்த்து எழுதியிருக்கிறாள் என்றிருக்கிறார். இன்று மாலை ஐந்து மணிக்கு ரிசல்ட் போர்டு எழுதுவார்கள். அதில் அவள் பெயர் இருக்காது. ஊரிலுள்ள மற்ற சென்டர்களுக்கும் தகவல் போய்விடும்.

"பொண்ணு என்ன சொல்றா?" குழலி கேட்டாள்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாம்மா. அதான் பயமா இருக்கு. சாதாரணமா அவளைப் பேசாம இருக்க வைக்கிறதுதான் எங்க வீட்டுல பெரிய வேலை."

ரெண்டு மணி ஷிப்டுக்குப் போகவேண்டும் என்று அவர் கிளம்பிவிட்டார். குழலி ஹெல்மெட்டை எடுத்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பொன்மலை ரயில்வே பணிமனை ஸ்டோரில் பன்னிரண்டு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியவள். எண்ணிக்கை எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு எந்த வித்தையும் தனக்குத் தெரியாது என்று அவளே சொல்வாள். அது தன்னடக்கம் இல்லை, உண்மை.

"படிக்கிற பொண்ணு, பேச மாட்டேங்குது, அப்போ பார்த்துத்தான் எழுதியிருக்கும் மேடம்" என்றான் அருள்ராஜ் மாடிப்படி இறங்கும்போது.

"நீ எத்தனை பரீட்சையில பார்த்து எழுதின?"

"எல்லாத்துலயும்."

"அப்போ ஏன் ஃபெயிலான?"

"நான் பார்த்தவனும் ஃபெயில் மேடம்."

* * *

சென்டரின் ஓனர் ஜெய்சங்கர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கப் பழைய மாணவர்களின் போட்டோ. எல்லோரும் ஒரே கோட்-சூட்டை மாறி மாறி வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த மாதிரி இருந்தது. துப்பறியும் அலுவலகம் என்றதும் முதலில் அவர் சிரித்தார். குழலி கோபப்படவில்லை. அந்தப் பெண் விடைக்குறிப்பைப் பார்த்தது உண்மையென்றால் அது உங்கள் பீரோவிலிருந்து வெளியே போயிருக்கிறது, யார் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இல்லையா என்று மட்டும் கேட்டாள். சிரிப்பு நின்றது. காகிதங்கள் மேசைக்கு வந்தன.

பத்துக் கணக்கு. எல்லாமே இரண்டு வகை. எந்தப் பொருளோடு எது எவ்வளவு சேர்ந்தால் என்ன எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. சூடான உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. சிக்கல் ஒன்பதாவது கணக்கில் இருந்தது. 500 கிராம் பித்தளைத் துண்டு ஒன்றை 100 டிகிரிக்குச் சூடாக்கி, 28 டிகிரியில் இருக்கும் 336 கிராம் தண்ணீரில் போடுகிறார்கள். கடைசியில் வெப்பநிலை 36 டிகிரியில் நிற்கிறது. பித்தளையின் தன்வெப்பம் என்ன?

அருள்ராஜுக்கே இது தெரியும். பித்தளை இழந்த சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் சமமாக வைத்தால் விடை 0.35. கணக்கைப் போட்டவர்கள், ஒருத்தியைத் தவிர, அத்தனை பேரும் 0.35 என்றுதான் எழுதியிருந்தார்கள்.

விடைக்குறிப்பில் இருந்தது 0.38.

ஏனென்றால் விடைக்குறிப்பில் ஒரு பாத்திரம் இருந்தது. தண்ணீர் இருந்த பாத்திரம், எடை 310 கிராம், அதுவும் பித்தளை, அதுவும் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும். அதைச் சேர்த்தால் 0.38. கேள்வியை டைப் அடிக்கும்போது அந்தப் பாத்திரத்தைப் பற்றிய வரி விட்டுப்போயிருந்தது. தேர்வு முடிந்து பையன்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் அது தெரியவந்தது. 0.35 எழுதியவர்களுக்கும் மார்க் கொடுத்துவிட்டார்கள்.

ஜெய்சங்கர் வள்ளியின் விடைத்தாளைத் திருப்பி வைத்தார். நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், 'பாத்திரம் 310 கி.' என்று இருந்தது. கீழே 0.38.

"கேள்வியில இல்லாத பாத்திரம் மேடம். என் பீரோவுக்குள்ள, சீல் வச்ச கவர்ல மட்டும் இருந்த பாத்திரம். அது எப்படி இந்தப் பொண்ணு பேப்பருக்கு நடந்து வந்துச்சு?"

நல்ல கேள்விதான். அருள்ராஜ் மனசுக்குள் கேஸை மூடிவிட்டான்.

தாளைத் தயாரித்தவர் அரவிந்தன் சார். முப்பது வயது, ஸ்ரீரங்கத்துக்காரர், சட்டைப்பையில் மூன்று பேனா. ஓனர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கவரை அவரே ஒட்டி ஓனர் கையில் கொடுத்தார், பீரோ சாவி ஓனர் இடுப்பில், வேறு யாரும் தொடவில்லை. ஒன்பதாவது கணக்கை ஏன் வைத்தீர்கள் என்று குழலி அவரைக் கேட்டாள். பதில் ஓனரிடமிருந்து வந்தது. எந்தப் புத்தகத்திலும் நெட்டிலும் கிடைக்காத கணக்கு ஒன்றாவது வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தாராம். அரவிந்தன் சார் சொந்தமாக உட்கார்ந்து போட்டாராம்.

அரவிந்தன் தன் பேனாக்களைக் குனிந்து எண்ணினார். மூன்றும் இருந்தன.

வள்ளியைத் தெரியுமா என்றதற்கு, ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்புக்கு இரண்டு மாதம் வந்தவள், பின் பெஞ்சு, அவ்வளவுதான் தெரியும் என்றார்.

குழலி கேள்வித்தாளுக்கும் விடைக்குறிப்புக்கும் ஒரு நகல் வாங்கிக்கொண்டாள். ஐந்து மணிக்குள் வருவதாகச் சொன்னாள். ஜெய்சங்கர் போர்டைத் துடைக்க ஆள் அனுப்பினார்.

* * *

எதிரில் டீக்கடை. பஜ்ஜி வந்தது. அருள்ராஜ் சாப்பிட்டுக்கொண்டே நாலாவது கணக்கைப் போட்டுப் பார்த்தான். ஐம்பது கிராம் சுண்ணாம்புக்கல், இருபத்தொன்பது கிராம் சொச்சம் ஆசிட், எவ்வளவு வாயு வரும் என்று. பழைய வியாதி, விடவில்லை.

"பதினேழு புள்ளி ஆறு கிராம்" என்று அறிவித்தான். "ஆசிட் முதல்ல தீர்ந்துடும். சுண்ணாம்பு மிஞ்சும்."

குழலிக்குப் புரியவில்லை. அவன் தட்டைக் காட்டினான். பத்து வாழைக்காய்த் துண்டு இருக்கு, மாவு ஆறுக்குத்தான் வரும்னா, பஜ்ஜி ஆறுதான். வாழைக்காயை நீங்க நூறு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாலும் ஆறுதான். எது முதல்ல தீருதோ அதுதான் கணக்கை முடிக்கும்.

"நம்ம கேஸ்ல எது முதல்ல தீரும்?"

"நேரம்தான் மேடம். மணி பன்னெண்டரை."

குழலி தாளை வாங்கிப் பார்த்தாள். நட்டு எண்ணுகிறவளின் பார்வை. விரல் ஒவ்வொரு எண்ணாக இறங்கியது. ஐம்பது, நூறு, இருநூறு, இருநூற்றைம்பது. ஒன்பதாவதில் நின்றது.

"மத்த ஒன்பது கணக்கும் ரெடிமேட் சட்டை. இது மட்டும் யாரோ உடம்புல அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே. தண்ணி எதுக்கு முந்நூத்தி முப்பத்தாறு?"

"ஆராய்ச்சினா அப்படித்தான் வரும்."

"வராது. அளந்து ஊத்துறவன் முந்நூறு ஊத்துவான், முந்நூத்தம்பது ஊத்துவான். முப்பத்தாறுல போய் எவன் நிறுத்துவான்? இது ஊத்தினது இல்ல அருளு. ஏதோ ஒண்ணை வாய் வரைக்கும் ரொப்பினது. அந்த ஒண்ணு எது?"

அருள்ராஜ் நாலாவது பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். மணி பதினொன்றைத் தாண்டியிருந்ததால் இது அவனுக்கு உடனே உள்ளே போனது.

* * *

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் திருவேங்கடத்தின் பாத்திரக் கடை. பொங்கல் பானையிலிருந்து பெருமாள் தளிகை சமைக்கும் உருளி வரை தொங்கும். அவர் மேசையில் ரசீதுகள் பறக்காமல் ஒரு அரைக்கிலோ பித்தளை எடைக்கல் உட்கார்ந்திருந்தது. எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அதற்கு அந்த உத்தியோகம்தான்.

"வாங்கோ வாங்கோ. பெருமாள் ஸேவை ஆச்சா?" என்றார் அவர். ஆகவில்லை, அவசரம் என்றாள் குழலி. "அவசரம்னா அவரே மன்னிச்சுடுவர். என்ன வேணும்?"

முந்நூற்று முப்பத்தாறு கிராம் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம் வேண்டும் என்றாள்.

திருவேங்கடம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலேயே கையைப் பின்னால் நீட்டி, அலமாரியிலிருந்து தடித்த விளிம்பு வைத்த ஒரு பித்தளைக் குவளையை எடுத்து வைத்தார்.

"இதுக்கு எதுக்கு கிராமெல்லாம்? உழக்குன்னு கேட்டா ஆகாதோ? ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. நாலு உழக்கு ஒரு படி. உழக்கு முந்நூத்தி முப்பத்தாறு மில்லி. அடியேன் கடையில தராசு பொய் சொல்லலாம், இது சொல்லாது."

அருள்ராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குவளையை வாய் வரை நிரப்பி, அவருடைய தராசில் வைத்துக் குவளையின் எடையைக் கழித்தான். முந்நூற்று முப்பத்தைந்து காட்டியது. ஒரு கிராம் அவன் பேண்டில் சிந்தியிருந்தது.

இப்போதெல்லாம் யார் உழக்கு வாங்குகிறார்கள் என்று குழலி கேட்டாள். இங்கே யாரும் இல்லை, கொலுவில் வைக்க வாங்கினால் உண்டு என்றார் திருவேங்கடம். ஆனால் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் இன்னும் போகிறதாம். அந்த ஊரில் உலை வைக்கும்போது அரிசியையும் தண்ணீரையும் உழக்கில் அளக்காவிட்டால் சோறு சரியாக வந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம்.

குழலி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அந்த எடைக்கல்லைச் சாயங்காலம் வரை இரவல் தரமுடியுமா என்றும் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ரசீதுகளின் மேல் ஒரு குத்துவிளக்கை எடுத்து வைத்தார்.

* * *

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் பதினைந்து நிமிடம் நின்று, மண்ணச்சநல்லூர் போய்ச் சேரும்போது மணி இரண்டு. தெருவெல்லாம் அவித்த நெல்லின் ஆவி. செல்லக்கண்ணு ஷிப்டுக்குப் போயிருந்தார். வள்ளி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடுப்படியில், பானைக்குப் பக்கத்தில், விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளை உழக்கு.

குழலி அதைக் கையில் எடுத்தாள். "இதுல ஒரு தடவை அளந்து ஊத்தின. இருபத்தெட்டு டிகிரி. சரியா?"

வள்ளியின் கை அரிசியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பேசவைக்க எந்தச் சிரமமும் இருக்கவில்லை. நேற்றிலிருந்து மூடியிருந்த வாய்.

கணக்கு அவளுடையது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே செய்து பார்த்தாள். சோத்துப் பானைக் கொதியில் அரைக்கிலோ பித்தளையைப் போட்டு வைத்தாள். உழக்கில் தண்ணீர் அளந்து ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றினாள். ஸ்கூல் லேபில் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரால் பார்த்தாள். இருபத்தெட்டு முப்பத்தாறு ஆனது. செம்பும் சூடாகும் என்பதை முதலில் விட்டுவிட்டாள், விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. செம்பை மில்லுக்கு எடுத்துப்போய் எடை போட்டு, முந்நூற்றுப் பத்து என்று சேர்த்த பிறகுதான் 0.38 வந்தது. ஒரே ஒரு தாளில் எழுதி, சரியா என்று பார்த்துச் சொல்லும்படி அரவிந்தன் சாரிடம் கொடுத்தாள். முன்பக்கம் இடம் பற்றவில்லை. செம்பைப் பற்றிய வரியும் விடையும் பின்பக்கம் போய்விட்டன. சார் தாளைத் திருப்பித் தரவேயில்லை.

"கேள்வியைப் பார்த்ததும் செம்பு மறந்துட்டாங்கனு நினைச்சேன். அதான் நானே சேர்த்துக்கிட்டேன். அது இல்லாம கணக்கு தப்பாயிடும்ல?"

அருள்ராஜ் கொஞ்ச நேரம் வருடக்கணக்காகத் தொடாத பாடப்புத்தகங்களை நினைத்துக்கொண்டு நின்றான். பிறகு, இதை நேற்றே போனில் சொல்லியிருந்தால் ஓனர் வாயை மூடியிருப்பாரே என்று கேட்டான்.

வள்ளி வாசல் பக்கம் பார்த்தாள். குரல் இறங்கியது.

"அந்தப் பித்தளை எங்களுது இல்லண்ணா. மில்லு ஆபீஸ் முத்திரைக் கல்லு. தராசைச் சரிபார்க்க வச்சிருக்கிறது. கவர்மெண்ட் முத்திரை போட்டது, வெளிய எடுத்துட்டே வரக்கூடாது. அப்பாதான் ஒரு நாளைக்குக் குடுத்தாரு. அதைப் போய் உலையில போட்டேன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா அப்பா வேலை போயிடும். நான் வாயைத் திறந்தா, முதல் கேள்வியே அந்தக் கல்லு எங்க இருந்து வந்துச்சுன்னுதான் வரும்."

குழலி உழக்கையும் செம்பையும் ஒரு மஞ்சப்பையில் போட்டாள். உழக்கை மட்டும் ஒரு துணியில் சுற்றி மேலே வைத்தாள்.

"கல்லு வெளிய வராது. சட்டையை மாத்திக்கிட்டு வா."

அருள்ராஜ் வழியெல்லாம் வாதாடினான். குழலியின் ஸ்கூட்டியில் பின்னால் வள்ளி உட்கார்ந்ததால் அவன் மஞ்சப்பையோடு பஸ்ஸில் வர, வாதம் போனில் நடந்தது. கல் இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது? அந்த வாத்தியார் ஸ்ரீரங்கத்துக்காரர், எங்கள் வீட்டிலும் உழக்கு இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவாரே?

"அதைத்தான் அவர் சொல்லணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்று குழலி வைத்துவிட்டாள்.

* * *

நாலே முக்காலுக்கு அருள்ராஜ் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது, மார்க்கர் பேனாவோடு ஒரு ஆள் போர்டுக்கு முன்னால் தயாராக நின்றான். வள்ளி சுவரோரம் நின்றாள். அருள்ராஜ் மஞ்சப்பையைக் குழலியிடம் கொடுத்தான். குழலி அதைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

லேப் தராசு ஒன்றை வரவழைத்துவிட்டு, அரவிந்தனிடம் ரொம்ப மரியாதையாக ஒரே கேள்வி கேட்டாள். நீங்கள் சோதனை செய்த பாத்திரம் எது?

"லேப் பீக்கர்" என்றார் அரவிந்தன்.

பீக்கர் கண்ணாடி. அவருடைய விடையிலேயே பாத்திரமும் பித்தளை என்று போட்டிருக்கிறதே என்று அருள்ராஜ் ஞாபகப்படுத்தினான். அரவிந்தன் தன் விடைக்குறிப்பைத் தானே முதல் தடவை படிப்பது போல வாங்கிப் பார்த்தார். வேறு ஏதோ பித்தளைப் பாத்திரம், ஞாபகம் இல்லை என்றார்.

குழலி துணியைப் பிரித்து உழக்கை மேசையில் வைத்தாள்.

அரவிந்தன் ஸ்ரீரங்கத்துக்காரர், முட்டாள் இல்லை. உழக்கைப் பார்த்தார், விடைக்குறிப்பைப் பார்த்தார், முகம் தெளிந்தது.

"ஆமா. உழக்கு. இதே மாதிரி எங்க அகத்துலயும் ஒண்ணு இருக்கு. அதுலதான் பண்ணினேன். தண்ணி முந்நூத்தி முப்பத்தாறுன்னு வந்ததே அதனாலதான். உழக்கு எல்லா வீட்டுலயும்தான் இருக்கும். அதுல இந்தப் பொண்ணுக்கு என்ன?"

ஜெய்சங்கர் அதானே என்று தலையாட்டினார். போர்டு ஆள் மார்க்கரின் மூடியைத் திறந்தான். அருள்ராஜ் குழலியைப் பார்த்தான். இதைத்தான் அவன் சொன்னான்.

"உழக்குலயே வச்சுத்தான் பித்தளையைப் போட்டீங்களா? வேற எதுலயும் மாத்தலையே?" குழலி கேட்டாள்.

"இல்ல. உழக்குலயேதான்."

குழலி உழக்கை வாய் வரை நிரப்பினாள். அது ஜெய்சங்கரின் மேசை நடுவில், அவருடைய ரிசல்ட் பட்டியலுக்குப் பக்கத்தில் இருந்தது. கைப்பையிலிருந்து திருவேங்கடத்தின் அரைக்கிலோ கல்லை எடுத்தாள். மெதுவாகத்தான் விட்டாள்.

தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது. பட்டியல் நனைந்தது. ஜெய்சங்கர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"அரைக்கிலோ பித்தளை உள்ள போனா ஏறக்குறைய அறுபது கிராம் தண்ணி வெளிய வரும் சார். முந்நூத்தி முப்பத்தாறு உங்க மேசை மேலதான் இருக்கும், கணக்குல இருக்காது. உழக்குல அளந்தவங்க யாரா இருந்தாலும் வேற ஒண்ணுல ஊத்தித்தான் பண்ணியிருக்கணும். செஞ்சவங்களுக்கு அது தெரியும். செய்யாம எழுதினவங்களுக்குத்தான் தெரியாது."

அருள்ராஜ் உழக்கைக் காலி செய்து, துடைத்து, தராசில் வைத்தான். இருநூற்று நாற்பது கிராம். முந்நூற்றுப் பத்து இல்லை.

பிறகு குழலி குனிந்து, மஞ்சப்பையின் அடியிலிருந்து செம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை வைப்பதற்கு முன் ஒரு நொடி நின்றான். அது முந்நூற்று இருபது காட்டினால் எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தராசு கொஞ்சம் யோசித்தது. 310 என்று நின்றது.

"விடைக்குறிப்புல இருந்து இந்தப் பொண்ணு பேப்பருக்குப் பாத்திரம் நடந்து வரல சார்" என்றான் அருள்ராஜ் ஜெய்சங்கரிடம். "மண்ணச்சநல்லூர்லேர்ந்து உங்க பீரோவுக்கு நடந்து வந்திருக்கு. டிக்கெட்கூட எடுக்காம."

அரவிந்தன் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், தன் பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாளை எடுத்து ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார். நீல மை, குண்டு எழுத்து. புதிய கணக்கு வேண்டும் என்று ஓனர் காலையில் கேட்டார், சாயங்காலத்துக்குள் அவரால் ஒன்றும் யோசிக்க முடியவில்லை, இது பையில் இருந்தது. முன்பக்கத்தை டைப் அடித்தார். விடையைப் பின்பக்கத்திலிருந்து எடுத்தார். அங்கே இருந்த பாத்திரம் கேள்வியில் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. இவ்வளவுதான் அவர் கதை. பெரிய வில்லத்தனம் ஒன்றும் இல்லை. சின்ன மனிதர்கள் செய்கிற சின்ன வேலை, அதனால் ஒரு பெண் ஒரு வருடத்தை இழந்திருப்பாள்.

"எது முதல்ல தீரும்னு கேட்டீங்களே மேடம்" என்றான் அருள்ராஜ் தாழ்ந்த குரலில். "பொய்தான்."

ஜெய்சங்கர் அரவிந்தனைப் பார்த்து, உங்களிடம் ஐந்து மணிக்குப் பிறகு பேசுகிறேன் என்றார். வள்ளி அதற்குள் மேசைக்கு வந்துவிட்டாள். அவள் அந்தத் தாளைப் பிரித்து அரவிந்தன் பக்கம் தள்ளினாள்.

"சார், கணக்கு சரியானு மட்டும் சொல்லுங்க. அதுக்குத்தான் குடுத்தேன்."

அரவிந்தன் தாளைப் பார்க்காமல், "சரிதாம்மா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. கேள்வித்தாளில் செம்பு இல்லாததால் 0.35தான் சரி, தன்னுடைய 0.38க்கு மார்க் கொடுத்தது தப்பு, அந்த நாலு மார்க்கைக் கழித்துவிடுங்கள் என்றாள். அருள்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். கழித்தால் என்ன ஆகும் என்று ஜெய்சங்கர் நனைந்த பட்டியலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆளை விட ஆறு கூட இருந்துச்சு சார்" என்றாள் வள்ளி. "இப்போ ரெண்டு. நான் உள்ள வந்ததுமே பட்டியலைப் பார்த்துட்டேன்."

ஐந்து மணிக்குப் போர்டில் முதல் பெயர் ஆனந்தவள்ளி.

* * *

படிக்கட்டில் இறங்கும்போது குழலியின் போன் அடித்தது. செல்லக்கண்ணு. பின்னால் பாய்லர் இரைச்சல். சீட்டு கிடைத்துவிட்டது என்றாள். எப்படி நிரூபித்தீர்கள் என்று கேட்டார். உங்கள் வீட்டு உழக்கும் செம்பும் சாட்சி சொல்லிவிட்டன என்றாள் குழலி. பிறகு, ரொம்பத் தயங்கி, வேறு எதைப் பற்றியாவது அங்கே கேட்டார்களா என்றார்.

குழலி திருவேங்கடத்தின் கல்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஐந்நூறு கிராம் பித்தளைத் துண்டுன்னுதான் போட்டிருந்தாங்கண்ணே. யாரோடதுன்னு கேள்வியில இல்ல."

பாய்லர் இரைச்சலுக்கு நடுவே அவர் சிரிக்கும் சத்தம் அருள்ராஜுக்கே கேட்டது.